எஃப்-டிராய்டில் செயலியின் தமிழ் விளக்கம் பாதியில் அறுபடுகிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். கட்டற்ற உரிமத்தில் ஒரு தமிழ் அகராதிச் செயலியைப் பராமரித்து வருகிறேன். கட்டற்ற ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான கடையான எஃப்-டிராய்டில் அதன் ஆங்கில விளக்கம் ஒழுங்காகத் தெரிகிறது. தமிழ் விளக்கம்தான் படுத்துகிறது.

பட்டியலில் செயலியின் பெயருக்குக் கீழே வரும் ஒருவரி அறிமுகத்தை இப்படி எழுதியிருந்தேன்:

“விளம்பரம் இல்லாத, இணையம் தேவைப்படாத, சொற்களை எளிதாகத் தேட உதவும் தமிழ் அகராதி உங்கள் கைபேசியில்”

திரையில் அது “தமிழ் அகராதி உங” என்று நின்றுவிடுகிறது. ‘ங’ மேல் புள்ளிகூட இல்லை. 80 எழுத்து வரம்பு இருப்பதை அறிவேன். ஆனால் எண்ணிப் பார்த்தால் இடைவெளி, காற்புள்ளி எல்லாம் சேர்த்து 64தான் வருகிறது.

முழு விளக்கத்தில் வேறு தொல்லை. வாக்கியங்கள் நடுவில் முறிந்து அடுத்த வரிக்குத் தாவுகின்றன. தலைப்புகளின் இருபுறமும் இரட்டை நட்சத்திரக் குறிகள் அப்படியே நிற்கின்றன. மூல நிரல் களஞ்சியத்தின் முதன்மைக் கிளையில் அந்த நட்சத்திரங்களை நீக்கிவிட்டேன். கடையில் இன்னும் பழையதே தெரிகிறது.

கோப்புகள், கடைக்கான விளக்க உரைகளை வைக்கும் ஃபாஸ்ட்லேன் அடைவுக்குள், டிஏ-ஐஎன் (ta-IN, இந்தியத் தமிழ்) என்ற மொழிக் கோப்புறையில் இருக்கின்றன. எங்கே பார்க்க வேண்டும்?

முதல் பதில்

புள்ளி மறைவது எழுத்துருச் சிக்கலாக இருக்கலாம். சில பழைய கைபேசிகளில் தமிழ் எழுத்துரு சரியாக இராது. வேறொரு கருவியில் பார்த்தீர்களா?

கேட்டவர்

பார்த்தேன். கணினி உலாவியில் எஃப்-டிராய்டு வலைத்தளத்தைத் திறந்தாலும் அதே ‘உங’தான். மற்ற இடங்களில் புள்ளிகள் சரியாக விழுகின்றன.

இரண்டாம் பதில்

அப்படியானால் எழுத்துருவின்மேல் பழி இல்லை. உரையே வெட்டுப்பட்டுத்தான் வந்து சேர்கிறது.

எஃப்-டிராய்டு சேவையக நிரல் பைத்தானில் எழுதப்பட்டது. கோப்பைப் படித்து, ஒருவரி அறிமுகமானால் முதல் 80, முழு விளக்கமானால் முதல் 4,000, புதிய பதிப்புக்கான மாற்றக் குறிப்பானால் முதல் 500 என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். அது எண்ணுவது யூனிகோடு குறியீடுகளை. நாம் எண்ணுவதோ எழுத்துகளை. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து.

உங்கள் வரியை அந்தக் கணக்கில் எண்ணினேன். 64 எழுத்துகளோடு 31 துணைக் குறிகள் இருக்கின்றன, மொத்தம் 95. “அகராதி” முடியும்போது 77 ஆகிவிடுகிறது. அடுத்த இடைவெளி 78, உ 79, ங 80. அதன் புள்ளி 81ஆவது. கத்தி சரியாக அந்த இடத்தில் விழுந்திருக்கிறது.

தமிழில் தேடி வருகிறவர் உங்கள் செயலியைப் பற்றி முதலில் படிப்பது இந்த ஒரு வரியைத்தான். அது சிதைந்த எழுத்தோடு நிற்கக்கூடாது. “விளம்பரமின்றி, இணையமின்றி இயங்கும் தமிழ் அகராதி” என்று வைத்துப் பாருங்கள். 47 குறியீடுகள்தான்; சொல்லவேண்டியதும் விட்டுப்போகவில்லை. கைபேசியில் நிறுவப் போகிறவரிடம் “உங்கள் கைபேசியில்” என்று சொல்லத் தேவையில்லை.

வரி முறிவுக்கு வருகிறேன். உங்கள் உரைத் தொகுப்பான் குறிப்பிட்ட அகலத்தில் வரியை மடக்கி, ஒவ்வொரு மடிப்பிலும் உண்மையான வரிமாற்றத்தைச் சேர்த்திருக்கிறது. எஃப்-டிராய்டு செயலி விளக்கத்தில் உள்ள வரிமாற்றங்களை அப்படியே காட்டும். ஆகவே ஒரு பத்தி முழுவதும் கோப்பில் ஒரே நீள வரியாக இருக்கட்டும். பத்திகளுக்கு இடையில் மட்டும் வெற்று வரி விடுங்கள். நட்சத்திரங்கள், எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன் முறையின் பழக்கம். எஃப்-டிராய்டு மார்க்டவுனைப் புரிந்துகொள்ளாது. எளிய எச்டிஎம்எல் குறிகளை ஏற்கும். தடித்த எழுத்து, பட்டியல் இரண்டுக்கும் அது போதும்.

மூன்றாம் பதில்

முன்னவர் சொன்னதோடு ஒன்று. ‘சொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், எண்ணிக்கை மட்டும் கூடும். பழைய எழுத்துரு மாற்றிகளில் இருந்து வந்த உரையில் இதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாகப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடு முறையில் ஒழுங்குபடுத்திவிட்டால் தீர்ந்தது.

திருத்தியும் கடையில் பழையதே தெரிவதற்குக் காரணம் வேறு. எஃப்-டிராய்டு விளக்கத்தை முதன்மைக் கிளையின் முனையிலிருந்து எடுப்பதில்லை. கடைசியாகக் கட்டமைத்த வெளியீட்டின் கமிட்டிலிருந்து, அதாவது அந்த நேரத்தில் பதிவான நிரல் நிலையிலிருந்து எடுக்கிறது. அடுத்த பதிப்புக்குக் குறிச்சொல் இட்டு, அது கட்டமைக்கப்பட்ட பிறகே புதிய உரை வரும். எஃப்-டிராய்டின் தரவுக் களஞ்சியத்தில் உங்கள் செயலியின் விவரங்கள் அடங்கிய யாமெல் (YAML) கோப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே சுருக்கமும் விளக்கமும் தனியாக எழுதப்பட்டிருந்தால், நீக்கக் கேட்டு ஒரு கோரிக்கை அனுப்பிவிடுங்கள். மூலத்தில் ஃபாஸ்ட்லேன் கோப்புகள் இருக்கும்போது அவை அங்கே வேண்டியதில்லை.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. யாமெல் கோப்பில் எதுவும் இல்லை. 47 குறியீட்டு வரியை அப்படியே எடுத்துக்கொண்டேன். பத்திகளை நீள வரிகளாக்கி, புதிய பதிப்பை வெளியிட்டேன். இன்று பார்த்தேன், அறிமுகம் முழுமையாக இருக்கிறது, முறிவும் இல்லை.

இன்னொரு சந்தேகம். கோப்புறைப் பெயரை டிஏ-ஐஎன் என்பதிலிருந்து வெறும் டிஏ என்று மாற்றலாமா? இலங்கையிலும் மலேசியாவிலும் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள்.

மூன்றாம் பதில்

எஃப்-டிராய்டுக்கு மட்டும் என்றால் தாராளமாக மாற்றுங்கள். நாட்டின் பெயர் அதில் ஒட்டியிருக்க வேண்டியதில்லை. அதே கோப்புகளைக் கூகுள் பிளேவுக்கும் ஏற்றுவதாக இருந்தால் டிஏ-ஐஎன் இருக்கட்டும். அங்கே தமிழுக்குரிய குறியீடு அதுதான்.

இரண்டாம் பதில்

மொழிபெயர்ப்பாளர்கள் வெப்லேட் என்ற இணைய மொழிபெயர்ப்புத் தளம் வழியாக வருகிறார்கள் என்றால், ஒவ்வொரு இணைப்பின்போதும் நீளத்தைச் சரிபார்க்கும் சிறு நிரலைத் தானியங்கிச் சோதனையில் சேர்த்துவிடுங்கள். லினக்ஸில் குறியீடுகளை எண்ணும் டபிள்யூசி (wc) கட்டளையை ‘எம்’ (-m) தெரிவோடு இயக்கினால் போதும். ‘சி’ தெரிவு பைட்டுகளை எண்ணும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் என்பதால் தொகை எங்கோ போய் நிற்கும். ‘எம்’ கோப்பின் இறுதி வரிமாற்றத்தையும் சேர்த்து எண்ணும், ஆகவே ஒருவரி அறிமுகத்துக்கு 81 வரை பயமில்லை. மாற்றக் குறிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் 400ஐத் தொடும் குறிப்பு தமிழில் 500ஐத் தாண்டுவது சுலபம். வெட்டுப்படுவது கடைசி வரி, பெரும்பாலும் பங்களித்தவர்களுக்கு நன்றி சொல்லும் வரி.