புதுப்பிப்பு: பவர் ஸ்கேலிங் குமிழில் வந்த கரகரப்பு தீர்ந்தது
வீட்டில் கட்டிய இஎல்84 வால்வு (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப்பில், பவர் ஸ்கேலிங் குமிழை (வால்வுக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்துச் சத்தத்தை இறக்குவது) பாதிக்குக் கீழே இறக்கினால் கரகரக்கிறது என்று எழுதியிருந்தேன். பலரும் வால்வைச் சந்தேகப்பட்டீர்கள். மாற்றினேன், அதே இரைச்சல்.

கோளாறு அந்த வோல்டேஜைக் குறைக்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரில்தான். குமிழிலிருந்து அதன் கேட்டுக்கு (கட்டுப்படுத்தும் காலுக்கு) நீளமான ஒயர். கேட்டை ஒட்டி இருக்கவேண்டிய ரெசிஸ்டரோ குமிழ்ப் பக்கம் இருந்தது. ஆசிலேஷனுக்கு (சர்க்யூட் தானாகவே அதிர்வதற்கு) இது போதாதா? 1 கிலோ ஓம் ரெசிஸ்டரின் காலை ஒட்ட நறுக்கி, கேட் பின்னிலேயே சால்டர் வைத்தேன். கரகரப்பு போயே போச்சு.

அப்புறம், குமிழ் நடுவில் இருக்கும்போதுதான் மாஸ்ஃபெட் ரொம்பச் சூடாகிறது. பாதி வோல்டேஜ் அதன் மேல் விழுகிறது, கரண்டும் ஓடுகிறது. பெரிய ஹீட்சிங்க் தேடிக்கொண்டிருக்கிறேன். திறந்து பார்ப்பவர்கள் கவனம்: அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் நிற்கலாம்.