நாலு கோடு, மூன்று எழுத்து

கவின்: பெரியம்மா, என் பையில் பார்சிலோனா கால்பந்து கிளப்பின் சின்னம் தைத்துத் தருவதாகச் சொன்னீர்களே, எது வரைக்கும் வந்திருக்கிறது?

பெரியம்மா: மேலே இடப்பக்கச் சிலுவை முடிந்தது. வலப்பக்கத்தில்தான் தகராறு. நெட்டில் ஒரு படத்தில் சிவப்புக் கோடு நாலு இருக்கிறது, இன்னொன்றில் இரண்டு. எதைத் தைப்பது? இரண்டென்றால் எனக்கு வேலை மிச்சம்.

சித்தப்பா: ஐயோ அண்ணி, நாலுதான்!

சித்தப்பா: மஞ்சளில் நாலு சிவப்புக் கோடு என்பது, ஸ்பெயினில் பார்சிலோனா இருக்கிற கத்தலோனியா பகுதியின் கொடி. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெயித்து ஃபிராங்கோ வந்த பிறகு, கத்தலான் அடையாளம் எதுவும் கண்ணில் படக்கூடாது என்று ஆகிவிட்டது. 1941இல் சின்னத்திலிருந்த நாலு கோட்டை இரண்டாக்கிவிட்டார்கள். கிளப்பின் 50ஆவது ஆண்டில், 1949இல்தான் நாலும் திரும்பி வந்தன.

பெரியம்மா: கோடு எண்ணவெல்லாம் ஒரு சர்வாதிகாரிக்கு நேரம் இருந்திருக்கிறது பாருங்கள். சரி, நாலே தைக்கிறேன்.

நிலா: பேசாமல் எங்கள் ரியல் மாட்ரிட் சின்னத்தைத் தையுங்கள் பெரியம்மா. கிரீடத்துக்குத் தங்க நூல் போட்டால் பை ஜொலிக்கும்.

கவின்: அக்கா, என் பையை விட்டுவிடு.

சித்தப்பா: நிலா, உங்கள் கிரீடமும் பத்து வருடம் காணாமல் போனதுதான். 1920இல் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ கொடுத்தது. 1931இல் மன்னராட்சி போனதும் கிரீடமும் போயிற்று, பெயரிலிருந்த ‘ரியல்’ என்பதும் போயிற்று. ரியல் என்றால் ‘அரச’ என்று பொருள். திரும்பி வந்தது எப்போது தெரியுமா? அதே 1941.

நிலா: அங்கே கோட்டை எடுத்த வருடமே இங்கே கிரீடமா? இனி ஆயுசுக்கும் இவன் சொல்லிக் காட்டுவானே.

கவின்: 😂😂😂

தாத்தா: மூன்று சிங்கம் தைத்தால் கிரிக்கெட், கால்பந்து இரண்டுக்கும் ஆகுமே.

சித்தப்பா: அப்பா, இங்கிலாந்தில் இரண்டும் ஒன்றல்ல. கிரிக்கெட் சிங்கங்களுக்கு மேலே கிரீடம் உண்டு. கால்பந்துச் சங்கத்தின் சின்னத்தில் அது கிடையாது, பதிலாகப் பத்து ரோஜா.

பெரியம்மா: பத்து ரோஜாவா? ஆளை விடுங்கள்.

அம்மா: இவனுக்கு இத்தாலியின் யுவென்டஸ் கிளப் பிடித்திருந்தால் அக்காவுக்கு ஒரே நாள் வேலை. 2017இலிருந்து வெறும் ஜே எழுத்துதானே.

கவின்: அப்படி மாற்றினால் ரசிகர்கள் சும்மா விடுவார்களா?

சித்தப்பா: எல்லாரும் விடுவதில்லை. அட்லெட்டிகோ மாட்ரிட் அதே 2017இல் கரடியையும் மரத்தையும் புதுசாக வரைந்து வைத்தது. முணுமுணுப்பு ஓயவே இல்லை. 2023இல் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2024இல் பழையதையே திரும்ப மாட்டிக்கொண்டார்கள்.

(மறுநாள்)

பெரியம்மா: 📷 முடிந்தது! நீலமும் கருஞ்சிவப்பும் சாட்டின் தையல், பந்துக்கு மட்டும் சங்கிலித் தையல். சட்டி மாதிரி இருக்கிற அந்த வளைவுதான் மூன்று தடவை பிரித்துப் போட வைத்தது.

கவின்: சூப்பர் பெரியம்மா!!! ஒரு நிமிடம்… நடுவில் மஞ்சள் பட்டையில் என்ன எழுத்து?

பெரியம்மா: சி எஃப் பி. படத்தில் அப்படித்தான் இருந்தது.

கவின்: எஃப் சி பி வர வேண்டும்!! ஃபுட்பால் கிளப் பார்சிலோனா!

சித்தப்பா: அண்ணி, நீங்கள் பார்த்துத் தைத்த சின்னம் எந்தக் காலத்தது என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். கிளப்பின் பெயரையும் ஃபிராங்கோ காலத்தில் ஸ்பானிய முறைக்கு ‘கிளப் டி ஃபுட்பால் பார்சிலோனா’ என்று மாற்றியிருந்தார்கள். கோடுகள் 1949இல் வந்துவிட்டன, எழுத்துகள் பழைய வரிசைக்கு வர எழுபதுகள் ஆகிவிட்டன. நாலு கோடும் சி எஃப் பியும் சேர்ந்து இருந்தால் நடுவிலிருந்த அந்தக் காலம்தான்.

நிலா: கவின், உன் புதுப் பைக்கு சித்தப்பாவைவிட வயசு அதிகம்.

பெரியம்மா: பி அப்படியே இருக்கட்டும், இரண்டு எழுத்தைத்தானே பிரிக்க வேண்டும். நாளைக்குள் மாற்றித் தருகிறேன் கண்ணா.

கவின்: வேண்டாம் பெரியம்மா, இதுவே இருக்கட்டும். வகுப்பில் ஒருத்தனிடமும் இது இருக்காது.

தாத்தா: பெரிய மருமகளே, கை சும்மாதானே இருக்கிறது, அந்தப் பத்து ரோஜாவும் என் தலையணை உறைக்கு ஆகுமா?