பில்ட்-இன் ஓவன் மாற்றியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்: என்னுடையது இது

வடவள்ளிக்காரி:

கேபினட்டுக்குள் பதித்து வைக்கும் பழைய பில்ட்-இன் ஓவனைக் கழற்றிவிட்டு அதே கட்-அவுட்டில், அதாவது அதற்காக வெட்டிய திறப்பில், புதியதை வைக்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எல்லாமே 60 செ.மீ. ஓவன்தான், பழையது இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும் என்று கடையில் சொல்வார்கள். அந்த 60 முன்பக்கச் சட்டத்தின் அளவு. கேபினட்டுக்குள் போவது அதற்குப் பின்னால் இருக்கும் பெட்டி. அந்தப் பெட்டிக்கு எவ்வளவு திறப்பு வேண்டும் என்பது கையேட்டில் படமாகவே இருக்கும். பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

என் ஓவனுக்கு அகலம் 560 முதல் 568 மி.மீ., உயரம் 585 முதல் 595, ஆழம் குறைந்தது 550 என்று போட்டிருந்தது. நம் ஆசாரிகள் வேலை செய்வது இன்ச்சிலும் நூலிலும் (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு). 22 இன்ச் என்றால் 558.8 மி.மீ. கேட்க ஒரு மில்லிமீட்டர்தான் குறைவு. ஆனால் எங்கள் கேபினட்டில் உள்பக்கம் ரெண்டு பக்கமும் மைக்கா ஒட்டி, முன்விளிம்பில் தேக்கு பீடிங் (மெல்லிய மரப்பட்டை) வேறு அடித்திருந்தார்கள். பழைய ஓவனின் பெட்டி ஒடுக்கமானது, அதனால் இத்தனை வருஷம் ஒன்றும் தெரியவில்லை. புதியது பாதி தூரம் போய் நின்றுவிட்டது. இன்ஸ்டலேஷனுக்கு வந்த தம்பி, "கார்பென்டர் வேலை எங்களுது இல்லீங்க மேடம், கட்-அவுட் ரெடி பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. விற்றவர்கள் அல்லவா இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! நான் கேக் ஆர்டர் எடுப்பவள். கையில் இருந்த ஆர்டர்களை எல்லாம் வேறு ஆளுக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அந்தக் கோபம் இருக்கிறது.

ஆசாரி அண்ணன் வந்து பீடிங்கைப் பெயர்த்து, விளிம்பை இழைத்துக் கொடுத்தார். அதோடு விடாமல், ஓவன் உட்காரும் பலகையில் ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். குமிழி ஒரு பக்கமாக ஓடி நின்றது. பழைய ஓவனின் எடையில் பலகை நடுவே தொய்ந்து, வலது பக்கம் இறங்கியிருக்கிறது. என் ஸ்பாஞ்ச் எல்லாம் ஒரு பக்கம் மேடாக எழும்பியதற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. மாவைக் கலக்கும் விதத்தையும் டின்னையும் மாற்றி மாற்றிப் பார்த்திருந்தேன். பலகைக்கு அடியில் முன்னும் பின்னும் கனமான ரீப்பர் கட்டை கொடுத்து மட்டம் செய்தார். இந்த ஓவன்களெல்லாம் 30, 35 கிலோ இருக்கும். சுற்றுப் பலகையை மட்டும் நம்பி வைக்கக் கூடாது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததே பின்பக்கத்துக்காகத்தான்.

பழைய ஓவனை இழுத்ததும் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம். பக்கத்துக் கேபினட்டில் இருக்கும் சிலிண்டரிலிருந்து மேலே ஹாப்புக்கு (மேடையில் பதித்த கேஸ் அடுப்பு) போகும் ஆரஞ்சு டியூப், ஓவனின் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கையால் வளைத்தால் வளையவில்லை. மேல்தோல் விறைத்துப் போய், வளைவில் மெல்லிய கீறல்கள் ஓடியிருந்தன. அந்த டியூபையே 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மேலேயே வருஷம் அச்சடித்திருக்கும். ஓவன் மறைத்துக்கொண்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. தினமும் 200 டிகிரியில் பேக் செய்துகொண்டிருந்த இடம் அது. நினைத்தாலே பகீர் என்கிறது. தயவுசெய்து, ஓவன் மாற்றும் எண்ணம் இல்லாதவர்கள்கூட ஒருமுறை பின்னால் என்ன போகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் சிலிண்டரை யுட்டிலிட்டி பக்கம் தள்ளி, காப்பர் பைப்பை ஓவனைத் தொடாமல் சுற்றிக் கொண்டுவந்தோம்.

அதே முதுகுப்பக்கம்தான் பிளக் பாயின்ட்டும் இருந்தது. 16 ஆம்ப் பிளக் சுவரிலிருந்து ஒன்றரை இன்ச்சாவது துருத்தும், வயர் வளைய இடம் தனி. ஆழம் ஏற்கெனவே இழுபறி என்பதால் ஓவன் அந்த அளவுக்கு வெளியே நிற்கும். எலெக்ட்ரீஷியன் பாயின்ட்டைப் பக்கத்துக் கேபினட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். ஓவனை இழுக்காமலே ஸ்விட்சை அணைக்கலாம். புது ஓவன் 3,300 வாட், அதாவது 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கிரைண்டரோடு சேர்ந்திருந்த பழைய வயரை விட்டுவிட்டு, போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர், 20 ஆம்ப் எம்.சி.பி. (லோடு கூடினால் தானே அணையும் ஸ்விட்ச்) போட்டோம். எர்த் வருகிறதா என்று டெஸ்ட் செய்யச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

அப்புறம் காற்று. நம் ஆசாரிகள் கேபினட்டின் பின்பக்கத்தை ப்ளைவுட் போட்டு அழகாக மூடிவிடுவார்கள். புது ஓவன்களில் எலெக்ட்ரானிக் போர்டைக் குளிர்விக்க ஒரு ஃபேன் ஓடும், ஓவனை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும். பின்னால் காற்று இல்லையென்றால் அந்த போர்டுதான் முதலில் போகும். பின்பலகையை வெட்டி எடுத்துவிட்டோம்.

தூக்கும்போது கதவைக் கழற்றிவிடுங்கள், பாதி கனம் குறைந்த மாதிரி இருக்கும். கைப்பிடியைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள்.

ஹாரோவாசி:

அக்கா, நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே குசினி கேபினட் எல்லாம் ரெடிமேடாக 600 மி.மீ. என்பதால் அகலத்தில் சிக்கல் குறைவு. உயரத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். டபுள் ஓவனில் ரெண்டு வகை உண்டு. கவுன்டருக்குக் கீழே வைப்பது சுமார் 720 மி.மீ., உயரமான அலமாரியில் வைப்பது சுமார் 890. கடைப் பட்டியலில் ரெண்டுக்கும் பெயர் டபுள் ஓவன்தான். எங்கட சித்தப்பா வீட்டில் 890 இருந்த இடத்துக்கு 720 வந்து இறங்கிவிட்டது. கீழே பலகையை உயர்த்தி, மேலே கேபினட் நிறத்திலேயே ஒரு பட்டை வைத்து அடைத்தோம். கரண்ட் விஷயத்திலும் கவனம். 13 ஆம்ப் பிளக்கோடு வரும் சிங்கிள் ஓவன் என்றால் சாதாரண சாக்கெட் போதும். 3 கிலோவாட்டைத் தாண்டினால் குக்கருக்கென்று (இங்கே குக்கர் என்றால் ஓவனோடு சேர்ந்த அடுப்பு) இருக்கும் தனி லைனில்தான் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு இணைக்க வேணும். கேஸ் ஓவன் என்றால் கேஸ் சேஃப் (இங்கத்தைய கேஸ் வேலைக்காரர் பதிவேடு) பதிவு உள்ளவர் மட்டும்தான் கை வைக்கலாம்.

ஆசாரி மகன்:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. எங்கள் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். ஓவனைக் கேபினட்டோடு பிடிக்கும் ஸ்குரூ, பக்கப் பலகையின் விளிம்பில்தான் இறங்கும். 18 மி.மீ. ப்ளைவுட் என்றால் முன்கூட்டியே மெல்லிய ஓட்டை போட்டுவிட்டு முடுக்குங்கள், இல்லாவிட்டால் அடுக்கு பிரியும். பார்ட்டிகிள் போர்டு என்றால் பழைய ஸ்குரூ ஓட்டை தூளாகிப் போயிருக்கும், அதே ஓட்டையில் முடுக்கினால் பிடிக்காது. உள்பக்கம் ஒரு மரத்துண்டை ஒட்டி அதில் பிடிக்கச் சொல்லுங்கள். ஓவனை ஒட்டிய ஷட்டர் (கேபினட் கதவு) பி.வி.சி. ஃபாயில் சுற்றியதாக இருந்தால் சூடு பட்டு ஓரம் உரியும். மாற்றும்போதே மைக்கா ஷட்டராக மாற்றிவிடுவது நல்லது.

திருநகர் வாசகி:

எங்கள் வீட்டில் கேபினட்டே இல்லை, கடப்பா கல் தடுப்புதான். நடுவில் 21 இன்ச் இருக்கிறது. ஒரு பக்கக் கல்லைக் கொஞ்சம் செதுக்கினால் ஓவன் போகுமா?

வடவள்ளிக்காரி:

வேண்டாம்மா, கை வைக்காதீர்கள். மேலே இருக்கிற கிரானைட் மேடையைத் தாங்குவதே அந்தக் கல்தான். செதுக்கும் அதிர்ச்சியில் ஹாப்புக்கு வெட்டிய மூலையிலிருந்து கிரானைட் விரிசல் விடும், எங்கள் அப்பார்ட்மென்டிலேயே ஒரு வீட்டில் அப்படி ஆகியிருக்கிறது. ஃபிரிட்ஜ் பக்கத்துச் சுவரோரம் ரெண்டடி இடம் இருந்தால் தனியாக ஒரு டால் யூனிட் (உயரமான அலமாரி) அடித்து, இடுப்பு உயரத்தில் ஓவனை வைத்துக்கொள்ளுங்கள். சூடான டிரேயைக் குனிந்து எடுக்கிற வேலையும் இருக்காது. அகலத்தை மட்டும் ஆசாரியிடம் இன்ச்சில் சொல்லாமல் 564 மி.மீ. என்று எழுதிக் கொடுங்கள்.