எஞ்சினில் நாமே கைவைத்த பிறகு எரிந்த விளக்குகள்: உங்கள் கதை என்ன?

நானே ஆரம்பிக்கிறேன். பத்து வருடம் ஓடிய பெட்ரோல் கார். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஏர் ஃபில்டரை மாற்றி, எஞ்சினுக்குள் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியையும் கழற்றி உள்ளே படிந்திருந்த கரியைத் துடைத்தேன். மெக்கானிக் காசு மிச்சம் என்ற பெருமையோடு ஸ்டார்ட் செய்தால், செக் எஞ்சின் விளக்கு அணையவே இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி திணறியது.

முதலில் செய்தது முட்டாள்தனம். பேட்டரி வயரைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்து மாட்டினேன். விளக்கு போனது, கேட்டைத் தாண்டுவதற்குள் திரும்பி வந்தது. கோளாறு பதிவான நொடியில் எஞ்சின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் ஓடியது என்று காரின் கணினி குறித்து வைத்திருக்கும். அதையும் நானே அழித்துவிட்டேன்.

அப்புறம் நண்பனிடம் ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகினேன். இரண்டு கோடுகள் (code), அதாவது கோளாறு எண்கள்: பி0102, பி0113. உள்ளே போகும் காற்றின் அளவைச் சொல்லும் சென்சார் ஒன்று, அதன் வெப்பத்தைச் சொல்லும் சென்சார் இன்னொன்று. இரண்டும் ஒரே நாளில் செத்துப்போகுமா என்று யோசித்தபடி லைவ் ரீடிங்கைப் பார்த்தேன். காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி. கோயம்புத்தூரில், மே மாதத்தில்! வயர் எங்கோ விட்டுப்போனால் அந்த எண்தான் வரும். என் வண்டியில் அந்த இரண்டு சென்சாரும் ஒரே உடம்புக்குள் இருக்கின்றன, வயரை மாட்டும் கப்ளரும் ஒன்றுதான். ஃபில்டர் பெட்டியைத் திறக்கும்போது கழற்றியவன் நான், மாட்ட மறந்தவனும் நான்.

மூன்று நாள் கழித்து மறுபடியும் விளக்கு. இந்த முறை பி0171, கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். கேட்டவர்கள் எல்லாம் "ஆக்சிஜன் சென்சார் போயிருக்கும்" என்றார்கள். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வைத்து கலவையைக் கணினிக்குச் சொல்லும் சென்சார் அது. உடனே ஆர்டர் போட்டேன். அது வந்து சேருவதற்குள் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் ஃப்யூயல் ட்ரிம், அதாவது கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கைப் பார்க்கச் சொன்னார். ஆக்சிலேட்டரை மிதிக்காத ஐடிலிங்கில் 24 சதவீதம் கூடுதலாக பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது எஞ்சின். 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் 5 சதவீதம்தான். "சென்சார் பொய் சொல்லலைப்பா, எங்கியோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது" என்றார். ஐடிலிங்கில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம், அதில் சின்ன ஓட்டை பெரிதாகத் தெரியும். வேகம் ஏறினால் அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், த்ராட்டில் பாடியைத் தாண்டி எஞ்சின் பக்கம் சேரும் சின்ன ரப்பர் குழாயின் அடிப்பக்கம் கிளாம்ப் கோணலாக உட்கார்ந்திருந்தது. மேலே நின்று பார்த்தால் சரியாக மாட்டியது போலவே இருக்கும். இந்த முறை கோளாறு எண்ணை அழிக்காமல் விட்டேன். அடுத்தடுத்த ஓட்டங்களில் கோளாறு திரும்பாததால் விளக்கு தானாக அணைந்தது.

*

மதுரைப் பக்கம் நான். உங்களுக்கு நின்று எரிந்தது, எனக்குக் கண் சிமிட்டியது. ஸ்பார்க் ப்ளக் நான்கையும் மாற்றிய அன்று மாலை, மேம்பாலம் ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்து விளக்கு விட்டு விட்டு எரிந்தது. வீடு பக்கம்தானே என்று ஓட்டிவிட்டேன். ஓட்டியிருக்கக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், அது உருகினால் செலவு ப்ளக் விலையில் நிற்காது. இறங்கும்போது அழுகிய முட்டை வாடை.

கோடு பி0301, அதாவது முதல் சிலிண்டர். அதன் ப்ளக்குக்குப் பொறி மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இங்கே மாட்டினேன். காயில் கெட்டிருந்தால் கோடு பி0303 என்று இடம் மாறும். மாறவில்லை. அப்படியென்றால் காயில் இல்லை, அடுத்து பார்க்க வேண்டியது ப்ளக். கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல். மாட்டும்போது கைநழுவி சிமென்ட் தரையில் விழுந்த ப்ளக் அது. ஒன்றும் ஆகவில்லை என்று துடைத்து மாட்டியது நினைவுக்கு வந்தது. புதுப் பொருளாயிற்றே என்று கடைசிவரை அதைச் சந்தேகப்படவே இல்லை.

*

என்னுடையது சின்னக் கதை, ஆனால் சிவப்பு விளக்கு. ஆயிலும் ஃபில்டரும் மாற்றி ஸ்டார்ட் செய்தேன். ஆயில் கேன் படம் போட்ட விளக்கு ஒன்றிரண்டு நொடியில் அணைய வேண்டும், அணைந்தது. அடுத்த நொடியே மறுபடி எரிந்தது. கீழே பார்த்தால் போர்டிகோ முழுக்க ஆயில். உடனே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை முறுக்கியிருக்கிறேன். இரண்டு வளையம் சேர்ந்தால் பிடிப்பு நிற்காது, பிரஷர் தள்ளிவிடும். கொட்டிய புது ஆயிலை மரத்தூள் போட்டு அள்ளினேன். தரையில் கறை இன்னும் இருக்கிறது, வீட்டில் பேச்சும்தான்.

*

முதல் பதிவு போட்டவன்தான். மதுரை அண்ணா, அந்தக் காயில் இடம் மாற்றும் வித்தையைக் குறித்துக்கொண்டேன். ஆர்டர் போட்ட ஆக்சிஜன் சென்சார் நான்காம் நாள் வந்தது. திருப்பி எடுக்க மாட்டார்களாம். பெட்டி பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது, யாருக்காவது உண்மையிலேயே தேவைப்பட்டால் சொல்லுங்கள். ட்ரிம் பார்த்துவிட்டு.