கார்ரே போரில் ரோமர் பக்கம் ஆடுபவருக்கு வேலையே இல்லையே?

கேள்வி:
கி.மு. 53-இல் ரோமருக்கும் பார்த்தியருக்கும் (பழைய ஈரானியப் பேரரசு) நடந்த கார்ரே போரை 15 மி.மீ. போர்வீரர் பொம்மைகளை வைத்து மேசை விளையாட்டாக ஆடினோம். மேசை ஆறடிக்கு நாலடி. நான் ரோமத் தளபதி கிராசஸ். பார்த்தியக் குதிரை வில்லாளர்கள் வருவார்கள், எய்வார்கள், ஓடுவார்கள். நான் படையைச் சதுரமாக நிறுத்தியபடி பகடை உருட்டி, செத்த பொம்மைகளை எடுத்து ஓரமாக வைப்பேன். அம்பு தீரும் விதியைச் சேர்த்தால் நேர் எதிர்: பார்த்தியர் சீக்கிரமே கையை விரித்துவிடுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஆட்டம் இருக்கிற மாதிரி எப்படி அமைப்பது?

பதில் 1:
அம்பு விதியைத் தூக்கிவிடுங்கள். பார்த்தியத் தளபதி சுரேனா ஒட்டகங்களில் அம்புகளை ஏற்றி வந்திருந்தார். தீரும், தீரும் என்று காத்திருந்துதான் கிராசஸ் ஏமாந்தார்.

பதில் 2:
தூக்க வேண்டாம், ஒட்டகங்களையே மேசையில் வையுங்கள். நாலு முறை எய்த பிரிவு ஒட்டகத்திடம் போய்த் திரும்ப வேண்டும். ரோமருக்கு மூச்சு விட அந்த ஒரு சுற்று போதும்.

உங்கள் ஆட்டத்தில் பூப்ளியஸ் எங்கே? கிராசஸின் மகன் 1,300 குதிரை, 500 வில்லாளர், எட்டு கோஹார்ட்டோடு (ரோமக் காலாட்படைப் பிரிவு) வெளியே பாய்ந்ததுதான் இந்தப் போரின் உயிர். அவனை எப்போது அனுப்புவது என்பதுதான் ரோமர் எடுக்க வேண்டிய பெரிய முடிவு. அவனைச் சதுரத்துக்குள் பூட்டி வைத்தால் சலிக்கத்தான் செய்யும். அவனுடைய கல்லியா (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக் குதிரை வீரர்கள் பார்த்தியரின் ஈட்டியைக் கையால் பிடித்து இழுத்தார்கள், குதிரைகளின் வயிற்றுக்கடியில் புகுந்து குத்தினார்கள். அதனால் அவர்கள் இறங்கிச் சண்டையிட விடுங்கள், கவசக் குதிரைகளுக்கு எதிராகப் பகடையில் ஒன்று கூட்டிக் கொடுங்கள். இறங்கியவர் மறுபடி ஏறக் கூடாது.

நாலடி மேசையில் பின்வாங்கும் பார்த்தியர் விளிம்பில் மாட்டிக்கொள்வார்கள். விளிம்பைத் தாண்டிய பிரிவு, ஒரு சுற்று விட்டு அதே பக்கத்தில் விரும்பிய இடத்தில் திரும்பி வரட்டும். பொய்யாக ஓடுவது அவர்களுடைய வித்தை, அதற்குத் தண்டனை கொடுப்பது நியாயமில்லை.

பொழுது சாயும்வரை சதுரம் உடையாவிட்டால் ரோமருக்கு வெற்றி. பார்த்தியர் இரவில் போரிடவில்லை.

கேள்வி கேட்டவர்:
அருமை. முழுக் கவசக் குதிரை எத்தனை பிரிவு வைக்கலாம்?

பதில் 2:
பத்தில் ஒன்று. சுரேனாவிடம் சுமார் 10,000 குதிரை, அதில் கவசமிட்டவை 1,000தான். பெயிண்ட் அடிக்க ஆசையாக இருக்கிறது என்று பலரும் நாலைந்து பிரிவு இறக்கிவிடுகிறார்கள், அப்புறம் அது கார்ரே இல்லை. அந்த ஒன்றையும் முதலில் சாதாரணக் குதிரைப் பொம்மையாகவே நிறுத்துங்கள். போர்வையால் கவசத்தை மறைத்து வந்து, கடைசி நேரத்தில்தான் உதறிக் காட்டினார்கள்.