கிளினிக்கல் ரிசர்ச் இன்டர்ன்ஷிப் பண்ணா எம்பிபிஎஸ் சீட்டுக்கு வெயிட்டேஜ் உண்டா?

சித்தூர்_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க சித்தூர் பக்கம், வீட்ல தமிழ் தான், பொண்ணு இன்டர் பைபிசி (ப்ளஸ் டூ பயாலஜி குரூப் மாதிரி) செகண்ட் இயர். எங்க அண்ணன் பொண்ணு நியூ ஜெர்சில பொறந்து வளந்தவ, அங்க பயாலஜி டிகிரி படிச்சிகினே ஒரு ஆஸ்பத்திரில கிளினிக்கல் ரிசர்ச்ல, அதாவது பேஷன்ட்டுங்களை வெச்சு பண்ற மருத்துவ ஆராய்ச்சில வேலை பாக்குறா, மெடிக்கல் காலேஜ் அப்ளிகேஷனுக்கு அது ரொம்ப முக்கியம்னு அண்ணி போன்ல சொன்னாலும் சொன்னாங்க, வீட்ல என்னை உண்டு இல்லைன்னு பண்றாங்க. இங்க ஒரு கன்சல்டன்சிகாரர் 40,000 கட்டுங்க, ஒரு மாசம் இன்டர்ன்ஷிப், சர்டிபிகேட் தர்றோம், எம்பிபிஎஸ் அட்மிஷன்ல வெயிட்டேஜ் கிடைக்கும்ன்றார். நெஜமா? அண்ணன் பொண்ணும் லீவுக்கு காட்பாடி வர்றா, அவ வேலூர் ஆஸ்பத்திரில ஏதாவது பண்ணா அங்க கணக்குல வருமா?

பாலாறு_பையன்:
வெயிட்டேஜா? எந்த பிராஸ்பெக்டஸ்ல எந்த பக்கத்துல போட்டிருக்குன்னு அந்தாளையே காட்ட சொல்லுங்க சார். இங்க நீட் ரேங்க், கேட்டகிரி, லோக்கலா இல்லையா, அவ்ளோதான். 180 கேள்வில 90 பயாலஜி, அந்த ஒரு மாசம் என்சிஇஆர்டி புக்கை இன்னொரு ரவுண்டு ஓட்டினா மார்க்காவது ஏறும். ரிசர்ச் ஆசை இருந்தா காலேஜ் சேந்தப்புறம் ஐசிஎம்ஆர் (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) நடத்துற எஸ்டிஎஸ்னு ஸ்டூடண்ட் ரிசர்ச் திட்டம் இருக்கு, 1979ல இருந்து நடக்குது, ரெண்டு மாச ப்ராஜெக்ட், கைடு நம்ம காலேஜ்லயே, நாம காசு கட்ட வேணாம், ரிப்போர்ட் ஓகே ஆனா அவங்க ஸ்டைபண்ட் குடுப்பாங்க. நான் பண்ணேன், எத்திக்ஸ் கமிட்டி அப்ரூவல் வாங்குறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு.

காட்பாடி_அக்கா:
நான் ஆஸ்பத்திரி ஆராய்ச்சில ஸ்டடி கோஆர்டினேட்டர். இன்டர் படிக்கிற பொண்ணை ஒழுங்கான எந்த ட்ரையல் (மருந்து, சிகிச்சையை மனுஷங்ககிட்ட சோதிக்கிற ஆராய்ச்சி) சைட்லயும் பேஷன்ட் கிட்ட வேலை செய்ய விட மாட்டாங்க, ஜிசிபின்னு ட்ரையல் நடத்துற விதிமுறை ட்ரெயினிங் முடிச்சு, யாருக்கு எந்த வேலைன்னு எழுதுற டெலிகேஷன் லாக்ல பேரு ஏறணும். எங்க வேலை இன்னான்னா, பலமநேர்ல இருந்து ஒரு பாட்டி வரும், தெலுங்கு மட்டும் தான், படிக்க தெரியாது, தெலுங்கு கன்சென்ட் (சம்மத) பாரத்தை வரி வரியா படிச்சு சொல்லணும், ஸ்டடிக்கு சம்பந்தமே இல்லாத ஒரு சாட்சி ஆரம்பத்துல இருந்து கூடவே உக்காந்து கேட்டு கையெழுத்து போடணும், பாட்டி கைநாட்டு வைக்கும். எத்தினி வாட்டி ரத்தம் எடுப்பீங்க, பஸ் காசு யார் குடுப்பான்னு கேக்கும், அதுக்கெல்லாம் பதில் சொல்லாம பாரத்தை நீட்டவே கூடாது. அடுத்த ரூம்ல பெங்காலி பேஷன்ட் வெயிட்டிங், வேலூருக்கு வங்காளத்துல இருந்தும் வைத்தியத்துக்கு வருவாங்கன்னு தெரியுமே. அந்த கன்சல்டன்சி கிட்ட ட்ரையலோட சிடிஆர்ஐ (இந்தியாவோட ட்ரையல் பதிவேடு) நம்பர் கேளுங்கண்ணா. 2009 ஜூன்ல இருந்து ட்ரையல்னா அதுல ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும், வெப்சைட்ல யார் வேணா பாக்கலாம், எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர்னு எல்லாம் இருக்கும்.

எடிசன்_மாமா:
அமெரிக்கா பக்கம் நான் சொல்றேன், என் பையன் போன வருஷம் தான் அப்ளை பண்ணான். அங்க நாலு வருஷ டிகிரி, எம்கேட்னு நுழைவுத் தேர்வு, அதோட அப்ளிகேஷன்ல 15 ஆக்டிவிட்டி வரைக்கும் போடலாம், ஒவ்வொண்ணுக்கும் 700 எழுத்து தான், மூணை மட்டும் முக்கியமானதுன்னு காட்டி கூட எழுதலாம். ரிசர்ச் வேற, கிளினிக்கல் எக்ஸ்பீரியன்ஸ் வேற. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல டேட்டா ஏத்திட்டு இருந்தா அது ரிசர்ச் மட்டும். பேஷன்ட் கூட பேசி ஸ்டடில சேக்குறது, விசிட்ல கூட நிக்குறதுன்னா கிளினிக்கல்னும் சொல்லலாம். எம்டி-பிஎச்டிக்கு (அங்க எம்டின்றது நம்ம எம்பிபிஎஸ் மாதிரி, அதோட ஆராய்ச்சிப் பட்டமும் சேந்தது) ரிசர்ச் இல்லாம நடக்காது, சும்மா எம்டிக்கு பேஷன்ட்டை பாத்திருக்கியான்னு தான் முதல்ல தேடுவாங்க. வேலூர்ல டாக்டர் பின்னாடி நின்னு பாக்கலாம், தப்பில்ல, ஆனா ஊர்ல தெரிஞ்ச டாக்டர்னு ஊசி போட்டேன் தையல் போட்டேன்னு எழுதினா அவங்களே சந்தேகப்படுவாங்க, ட்ரெயினிங் இல்லாம செய்யாதீங்கன்னு ஏஏஎம்சி (அமெரிக்க மெடிக்கல் காலேஜுங்க சங்கம்) தெளிவா சொல்லியிருக்கு. உங்க பொண்ணுக்கு அந்த ரூட் யோசிக்காதீங்க, சிட்டிசனோ கிரீன் கார்டோ இல்லன்னா பாதிக்கு மேல காலேஜ் அப்ளிகேஷனையே எடுக்காது.

சித்தூர்_அப்பா:
நம்பர் கேட்டேன்கா. "அது ஆன்லைன் கோர்ஸ் சார், ட்ரையல் எல்லாம் இல்ல"ன்றார். காசு கட்டல. அண்ணன் பொண்ணு வேலூர்ல டாக்டர் கூட நின்னு பாக்கணும்னா யாரை கேக்கணும்?

காட்பாடி_அக்கா:
அவ காலேஜ் லெட்டரோட டிபார்ட்மென்ட் ஹெட்டுக்கு மெயில் போட சொல்லுங்க. பெரிய ஆஸ்பத்திரின்னா சில மாசம் முன்னாடியே போடணும், இங்க வந்து இறங்கிட்டு கேட்டா கிடைக்காது.