கதையின் ஓரத்தில் வந்து போனவர்கள்: ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ சிறு பாத்திரங்களோடு நம் அனுபவங்கள்

ஆங்கில எழுத்தாளர் டோல்கினின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற கற்பனை நாவலைப் படித்தவர்களிடம் பிடித்த பாத்திரம் எது என்று கேட்டால் சாம், காண்டால்ஃப், அரகோர்ன் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எனக்கும் அவர்களைப் பிடிக்கும். ஆனால் நான் அந்தப் புத்தகத்தை மறுபடி மறுபடி எடுப்பது வேறு இரண்டு பேருக்காக. இரண்டு பேருமே வாசலில் காவல் நிற்பவர்கள். சில அத்தியாயங்களில் வந்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்கும் அப்படி யாராவது இருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒருவன் ஹாமா. ரோஹன் நாட்டு அரசன் தியோடனின் அரண்மனைக் கதவைக் காப்பவன். மந்திரவாதி காண்டால்ஃபும், பின்னால் அரசனாகப் போகும் அரகோர்னும், மற்றவர்களும் அங்கே வரும்போது அரசன் வார்ம்டங் என்ற ஆலோசகனின் பேச்சில் கட்டுண்டு கிடக்கிறான். ஆயுதத்தோடு யாரையும் உள்ளே விடாதே என்பது உத்தரவு. அரகோர்ன் பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு வாளைக் கழற்றி வைக்கிறான். காண்டால்ஃப் வாளைத் தந்துவிடுகிறார், ஆனால் ஊன்றி நடக்கிற தடியை மட்டும் தர மறுக்கிறார். மந்திரவாதி கையில் இருக்கும் தடி வெறும் ஊன்றுகோல் இல்லை என்பது ஹாமாவுக்குத் தெரியும். அதை வாய்விட்டே சொல்கிறான். ஆனாலும் சந்தேகம் என்று வரும்போது தன் புத்தியைத்தான் நம்ப வேண்டும், நீங்கள் கெட்ட நோக்கத்தோடு வந்தவர்களாகத் தெரியவில்லை, போங்கள் என்று வழிவிடுகிறான்.

அந்தத் தடி உள்ளே போனதால்தான் தியோடன் எழுந்து நிற்கிறான். அவன் எழுந்ததால்தான் பின்னால் எதிரிகள் முற்றுகையிட்ட கோண்டோர் நாட்டுத் தலைநகர் மினாஸ் டிரித்துக்கு உதவிப் படை வருகிறது. வார்ம்டங்குக்கும் இது உடனே புரிந்துவிடுகிறது. அந்த முட்டாள் ஹாமா நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று கத்துகிறான்.

என் அப்பா ஒரு மில் கேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர். யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பது வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமில்லாத வேலை. தவறாகப் போனால் பழி முழுக்க அவர் தலையில்தான் விழும். அதை வீட்டில் பார்த்து வளர்ந்ததால், ஹாமா அந்தக் கதவருகே யோசிக்கிற சில நொடிகள் எனக்குப் பெரிய போர்க்களக் காட்சிகளைவிடப் பதற்றமாக இருக்கும்.

ஹாமா அதோடு நிற்பதில்லை. சிறையில் இருந்து விடுவிக்கப்பட்ட, அரசனின் தங்கை மகன் ஈயோமருக்கு அவனுடைய வாளையும் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான். யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று அரசன் முறைக்கும்போது நடுங்கிக்கொண்டே, நான்தான் செய்தேன் என்கிறான். மக்களை யார் பொறுப்பில் விட்டுப் போவது என்ற பேச்சு வரும்போது ஈயோமரின் தங்கை ஈயோவினின் பெயரைச் சொல்வதும் இவன்தான். கூடியிருந்த பெரிய மனிதர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. ஹெல்ம்ஸ் டீப் சண்டையில் கோட்டை வாயிலுக்கு முன்னால் விழுகிறான். படத்தில் அவனை அதற்கு முன்பே, வழியில் நடக்கும் ஓநாய்ச் சண்டையில் கொன்றுவிட்டார்கள். கதவைக் காத்தவன் கதவருகே சாவதுதான் சரி என்று டோல்கின் நினைத்திருக்க வேண்டும். தனிக் குழி வெட்டி அவனைப் புதைக்கிறார்கள்.

இன்னொருவன் பெரகோண்ட், மினாஸ் டிரித் உள்கோட்டையின் காவல் வீரன். புதிதாக வந்த பிப்பினுக்கு (குட்டை உருவ ஹாபிட் இனத்தவன்) சாப்பாடு கிடைக்க வழி செய்து, மதில் மேல் உட்கார்ந்து பேச்சுத் துணை ஆகிறவன். பெர்கில் என்று பத்து வயது மகன் இருக்கிறான். நகரத்தை ஆளும் டெனத்தோர் புத்தி பேதலித்து, உயிரோடு இருக்கும் மகன் ஃபாராமிரையும் சேர்த்துத் தீயிட்டுக்கொள்ளப் போகிறார் என்று பிப்பின் ஓடிவந்து சொல்கிறான். காவலை விட்டு நகர்ந்தால் மரண தண்டனை. நகராவிட்டால் ஃபாராமிர் சாம்பல். பெரகோண்ட் நகர்கிறான். கதவைத் திறக்க மறுத்த காவல்காரனைக் கொல்கிறான். பிறகு வாசல்படியில் தனி ஆளாக நின்று, டெனத்தோரின் வேலைக்காரர்களில் இருவரை வெட்டி, காண்டால்ஃப் வரும்வரை மற்றவர்களைத் தடுத்து வைக்கிறான்.

இறந்த மூன்று பேரும் எதிரிகள் இல்லை. தங்கள் எஜமானனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள், அவ்வளவுதான். டோல்கின் இதை மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. போர் முடிந்து அரகோர்ன் முடிசூடிய பின் பெரகோண்ட் விசாரணைக்கு வருகிறான். தண்டனை எல்லாம் தள்ளுபடி, ஆனால் நீ இந்தக் காவல் படையையும் நகரத்தையும் விட்டுப் போக வேண்டும் என்கிறான் அரகோர்ன். பெரகோண்டின் முகத்தில் ரத்தம் வற்றிப் போகிறது. அப்புறம்தான் தெரிகிறது, அவனை அனுப்புவது ஃபாராமிரின் மெய்க்காவல் படைக்குத் தலைவனாக என்று. இந்தத் தீர்ப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். சட்டம் ஒன்று இருக்கிறது, அதை மீறியிருக்கிறாய் என்றும் சொல்லி, மீறியது சரிதான் என்றும் சொல்லிவிடுகிற தீர்ப்பு. டோல்கின் 1916இல் சோம் போர்முனையில் இருந்தவர். உத்தரவுக்கும் மனசாட்சிக்கும் நடுவில் சாதாரணச் சிப்பாய் மாட்டிக்கொள்வதை அவர் நேரில் பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

* * *

அண்ணா, பெரகோண்டைச் சொன்னீர்கள், அவன் மகனை விட்டுவிட்டீர்களே! நான் நர்ஸ். நைட் டூட்டியில் இடைவெளி கிடைக்கும்போது படித்த புத்தகம் இது. அதனாலோ என்னவோ, மருத்துவ இல்லத்து அத்தியாயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட நெருக்கம்.

அங்கே அயோரெத் என்று ஒரு வயதான பெண்மணி, நோயாளிகளைக் கவனிப்பவர்களில் மூத்தவர். வாய் ஓயாமல் பேசுவார். ஃபாராமிர் பிழைக்க மாட்டான் என்று அழுதுகொண்டே, அரசனின் கைகள் நோய் தீர்க்கும் கைகள் என்று பழைய காலத்தில் சொல்வார்களே, இப்போது அப்படி ஒரு அரசன் இருந்தால் எப்படி இருக்கும் என்று புலம்புகிறார். காண்டால்ஃப் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். உடனே போய் அரகோர்னை அழைத்து வருகிறார். அத்தனை ஞானிகள் இருக்கிற கதையில் அந்த நேரத்தில் தேவைப்பட்டது அயோரெத்துக்கு நினைவிருந்த ஒரு பழம்பேச்சு.

அரகோர்ன் அதெலாஸ் என்ற மூலிகையைக் கேட்கிறான். மூலிகைத் துறைத் தலைவர் வருகிறார். அந்தச் செடிக்கு எந்தெந்த மொழியில் என்ன பெயர் என்று விளக்கமாகச் சொல்கிறார். இலை மட்டும் அவரிடம் இல்லை. இப்படிப்பட்டவர்களோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் காட்சியின் வலி புரியும். பக்கத்தில் கட்டிலில் மூன்று பேர் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது ஒரு துணியில் ஆறு இலைகளை மடித்துக்கொண்டு ஒரு பையன் ஓடி வருகிறான். புதிது இல்லை ஐயா, பறித்து இரண்டு வாரமாவது இருக்கும் என்கிறான். சொல்லிவிட்டு ஃபாராமிரின் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிடுகிறான். அவன்தான் பெர்கில், பெரகோண்டின் மகன். அப்பா வாசலில் நின்று தீயில் இருந்து காப்பாற்றிய உயிரை மகன் வாடிய இலையோடு வந்து மீட்கிறான். முதல் தடவை படித்தபோது கதையின் வேகத்தில் பெயரைக் கவனிக்காமல் போய்விட்டேன். பிறகு ஒரு நாள் வார்டில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் தந்தை, மகன் இரண்டு பேரும் சேர்ந்து மனதில் விழுந்தார்கள்.

முடிசூட்டு விழாவில் அயோரெத் இன்னொரு முறை வருவார். ஊரில் இருந்து வந்த உறவுக்காரப் பெண்ணிடம், கதையின் நாயகன் ஃப்ரோடோ ஒரே ஒரு உதவியாளோடு போய் இருள் அரசனோடு தனியாகச் சண்டை போட்டுக் கோபுரத்துக்குத் தீ வைத்தான் என்று அளந்துகொண்டிருப்பார். நடந்தது அதுவே இல்லை! ஆனால் பெரிய சம்பவங்கள் எல்லாம் நம் வாய்க்கு வரும்போது இப்படித்தானே ஆகின்றன.

* * *

நீங்கள் இருவரும் சொன்னவர்கள் எல்லாரும் அரண்மனைக்கும் நகரத்துக்கும் உள்ளே இருப்பவர்கள். எனக்கு மதிலுக்கு வெளியே இருப்பவர்தான் முக்கியம். கான்-பூரி-கான். ட்ரூவதான் காட்டு மக்களின் தலைவர்.

ரோஹன் குதிரைப் படை மினாஸ் டிரித்துக்குப் போகும் சாலையை எதிரிகள் மறித்துவிட்டார்கள். கான்-பூரி-கான் தரையில் தியோடனுக்கு எதிரே உட்கார்ந்து, கோண்டோர்காரர்களே மறந்துபோன பழைய வண்டிப் பாதை ஒன்றைக் காட்டுகிறேன் என்கிறார். எதிரிகளின் எண்ணிக்கை உனக்கு எப்படித் தெரியும் என்று ஈயோமர் கேட்கிறான். அந்தக் கேள்வியில் இருக்கிற ஏளனம் அவருக்கு உறைக்கிறது. நாங்கள் காட்டு மனிதர்கள்தான், குழந்தைகள் இல்லை என்கிறார். வானத்து நட்சத்திரத்தையும் மரத்து இலையையும் இருட்டில் போகும் ஆட்களையும் எண்ணுவேன் என்று சொல்லி, அவர்கள் படையையே எண்ணிக் காட்டுகிறார். இருபது இருபதுகளைப் பத்து தடவையும் இன்னும் ஐந்து தடவையும் எண்ண வேண்டும் என்கிறார். பெருக்கிப் பாருங்கள், 6000 வருகிறது. அது சரியான கணக்கு. நான் பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

தப்பான வழியில் கூட்டிப் போனால் என்னைக் கொன்றுவிடுங்கள் என்று சொல்லி அரசனின் கூடவே நடக்கிறார். பதிலுக்கு என்ன வேண்டும் என்று தியோடன் கேட்கிறான். பொன் கேட்கவில்லை, ஆயுதம் கேட்கவில்லை. போர் முடிந்து உயிரோடு இருந்தால் எங்களைக் காட்டில் நிம்மதியாக இருக்க விடுங்கள், மிருகங்களைப் போல இனிமேல் வேட்டையாடாதீர்கள் என்கிறார்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதுவரை நான் ரோஹன் வீரர்களை ஆராதித்துக்கொண்டிருந்தேன். அவர்களின் குதிரை, பாட்டு, வீரம் எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. டோல்கின் அதை இந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். கான்-பூரி-கானின் தோற்றத்தை வர்ணிக்கும் விதமும், அவர் வாயில் போட்டிருக்கும் உடைந்த பேச்சும் எனக்கு உறுத்தல்தான். 1955இல் வெளிவந்த கடைசிப் பாகத்தில் அந்தக் காலத்து ஆங்கிலேயரின் பார்வை ஒட்டியிருக்கிறது. ஆனால் அங்கே கூடியிருந்தவர்களில் நிலைமை முழுதாகத் தெரிந்தவர் அவர்தான். காற்று மாறுவதை முதலில் முகர்ந்து சொல்பவரும் அவரே.

* * *

சார், முதல் பதிவு போட்டவன்தான். நீங்கள் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். அந்த வாக்கைக் கொடுத்த தியோடன் மறுநாளே போரில் இறந்துபோகிறான். செத்தவர்கள் பரிசு கொடுக்க மாட்டார்கள் என்று கான்-பூரி-கானே முன்னால் சொல்லியிருப்பார். ஆனால் தியோடனின் உடலை ஊருக்கு எடுத்துப் போகும் ஊர்வலம் அந்தக் காட்டோரம் வரும்போது, இந்தக் காடு இனி இவர்களுடையது, இவர்கள் அனுமதி இல்லாமல் யாரும் நுழையக் கூடாது என்று அரகோர்ன் அறிவிக்கச் செய்கிறான். உள்ளே முரசுகள் முழங்குகின்றன. கான்-பூரி-கான் வெளியே வரவில்லை. வந்து நன்றி சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

* * *

நான் வீர தீரம் எதுவும் இல்லாத ஒரு கிழவியைப் பற்றிச் சொல்ல வந்தேன். லோபேலியா சாக்வில்-பேகின்ஸ். ஃப்ரோடோவை வளர்த்த உறவினர் பில்போவின் வீட்டுக்கு ஆசைப்பட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த சொந்தக்காரி. பில்போ ஊரைவிட்டுப் போகும்போது அவளுக்கு வெள்ளிக் கரண்டிப் பெட்டி ஒன்றை விட்டுப் போகிறார். முன்பு காணாமல் போன தன் கரண்டிகள் எங்கே போயின என்று தெரியும் என்பதைச் சொல்லத்தான் அது. அவளுக்கும் புரிகிறது, ஆனாலும் பெட்டியை எடுத்துக்கொள்கிறாள். குடைக்குள் சின்னச் சின்னப் பொருள்களைப் போட்டுக்கொண்டு கிளம்பியவளை ஃப்ரோடோ வாசலில் நிறுத்தி எடுத்து வைத்த கதையும் உண்டு.

படங்களில் கடைசியில் ஹாபிட்களின் ஷயர் ஊரை மீட்கும் பகுதியே இல்லை. அதனால் படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இவளின் இந்த முகம் தெரிய வழியில்லை. ஊரை ரௌடிகள் பிடித்துக்கொண்ட காலத்தில், அதற்கு வழி விட்டவனே அவள் மகன் லோத்தோதான், வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு வருகிற ரௌடிகளை இவள் வழி மறிக்கிறாள். நூறு வயது. கையில் அதே குடை. அவளைவிட இரண்டு மடங்கு பெரிய ஆட்களை அதனாலேயே அடிக்கப் போகிறாள். இழுத்துக்கொண்டு போய்ச் சிறையில் போடுகிறார்கள்.

விடுதலையாகி வரும்போது தூக்கிக்கொண்டு வர விடாமல் தானே நொண்டி நடந்து வருகிறாள். ஊரே கைதட்டுகிறது. வாழ்நாளில் யாரும் அவளைக் கொண்டாடியதில்லை. அழுதுகொண்டே வண்டியில் போகிறாள். மகன் கொலையான செய்தி தெரிந்த பிறகு, அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய வீட்டை ஃப்ரோடோவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுச் சொந்தங்களிடம் போய்விடுகிறாள். அடுத்த வசந்தத்தில் இறக்கும்போது, மிச்சப் பணம் முழுவதையும், வீடிழந்தவர்களுக்குச் செலவு செய்யும்படி ஃப்ரோடோ பெயருக்கு எழுதி வைத்திருந்தாள்.

என் குடும்பத்தில் யாரும் பேச விரும்பாத ஒரு பெரியம்மா இருந்தார். இதைப் படித்த பிறகு அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

* * *

லோபேலியா இருந்த அதே சிறையில் ஃபேட்டி போல்ஜரும் இருந்தான், அவனையும் யாராவது நினைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரோடோவின் பயணத்துக்கு வரமாட்டேன் என்று ஊரிலேயே தங்கிக்கொண்டவன். பின்னால் மலைப் பக்கம் ஒரு கூட்டத்தை நடத்தி ரௌடிகளை எதிர்த்து, பிடிபட்டு, நடக்கக்கூட முடியாமல் வெளியே வருகிறான். எங்களோடு வந்திருக்கலாமே என்று பிப்பின் கேட்கிறான். பிப்பின் இப்போது நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறான். ஃபேட்டி ஒரு கண்ணைத் திறந்து, இந்தப் பெரிய குரல்காரன் யார், குட்டி பிப்பினா, இப்போது உன் தொப்பி அளவு என்ன என்று கேட்கிறான்.

மாகட் விவசாயியைப் பற்றியும் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். ஃப்ரோடோவைத் தேடி வந்த கறுப்புக் குதிரைக்காரனை வீட்டு வாசலிலேயே விரட்டிவிட்டு, அன்று ராத்திரியே ஃப்ரோடோவைத் தன் வண்டியில் படகுத்துறைக்குப் பக்கம்வரை கொண்டுபோய் விட்டவர் அவர்.